ஊட்டிக் குளிரில் ஜிங்க்-சைக்ளன் டைட்ரேஷன்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஜிங்க்-சைக்ளனை எடுக்கக் காரணம், அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதுதான். ஊட்டியில் எங்கள் ஆய்வகத்தில் உருப்படியாக ஒரு பிஎச் மீட்டர் இருந்தது. அதுவே போதும் என்றார் மேடம்.

சைக்ளன் என்பது நான்கு நைட்ரஜன் கொண்ட பன்னிரண்டு அணு வளையம். ஜிங்க் அயனி அதன் குழிக்குள் முழுதாக இறங்காது. சற்று மேலே இருந்துகொண்டு, ஐந்தாவது இடத்தில் ஒரு நீர் மூலக்கூறை வைத்திருக்கும். அந்த நீரை நகர்த்திவிட்டு அங்கே வருவது யார்? 1993இல் எய்ச்சி கிமுராவின் ஜப்பானியக் குழு காட்டியது தைமிடின் வகையை (தைமிடின், யூரிடின், அடினோசின், சைட்டிடின், குவானோசின் எல்லாம் டிஎன்ஏ, ஆர்என்ஏவின் கட்டுமான அலகுகள்). அதில் உள்ள இமைடு (இரண்டு கார்பனைல், அதாவது C=O குழுக்களுக்கு நடுவே நிற்கும் என்-எச்), புரோட்டானை விட்டதும் அதன் நைட்ரஜன் ஜிங்க்கைப் பிடிக்கும். இருபுறமும் உள்ள கார்பனைல் ஆக்சிஜன்கள் வளையத்தின் என்-எச்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். யூரிடினும் இப்படித்தான். அடினோசினிலும் சைட்டிடினிலும் இமைடே கிடையாது. குவானோசினில் அதுபோல ஓர் என்-எச் உண்டு. ஆனால் ஒரு பக்கம் கார்பனைலுக்குப் பதில் அமினோ குழு நின்று முட்டும்.

செய்முறை காகிதத்தில் எளிது. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் குறித்து வளைவு வரைய வேண்டும், அதுதான் டைட்ரேஷன். தனித் தைமிடினின் பிகேஏ (புரோட்டான் பாதி கழன்றிருக்கும் பிஎச்) 9.8, ஜிங்க்-சைக்ளன் கூட இருந்தால் அந்தப் புரோட்டான் 8க்குக் கீழேயே கழலத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், ஜிங்க் மேல் உள்ள நீரின் பிகேஏவும் 7.9 தான். தைமிடின் சேர்த்த, சேர்க்காத இரண்டு வளைவுக்கும் இடைவெளி கொஞ்சம். அதைக் கெடுக்கக் குளிர் ஒன்றே போதும். நீரின் அயனிப் பெருக்கத்தைக் குறிக்கும் பிகேடபிள்யூ 25 டிகிரியில் 14.0, 15 டிகிரியில் ஏறக்குறைய 14.35. அதனால் செல் (டைட்ரேஷன் பாத்திரம்), பஃபர், காரம் எல்லாவற்றையும் வாட்டர் பாத்தில் 25க்குக் கொண்டுவந்த பிறகே எலெக்ட்ரோடை அளவுதிருத்தம் செய்தோம். கரண்ட் போனால் அன்றைய வேலை போச்சு.

அடுத்த எதிரி கார்பன் டை ஆக்சைடு, தண்ணீரில் கரைந்து அமிலமாகி விடும் காரத்தைத் தின்றுவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அதை விரட்டினோம் (ஊட்டியில் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், பரவாயில்லை). சோடியம் ஹைட்ராக்சைடை ஐம்பது சதவீதக் கரைசலாக்கி வைத்தால் கார்பனேட் கரையாமல் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து நீர்த்துப்போகச் செய்தோம். காற்றை விலக்க நைட்ரஜன் வேண்டும், அதன் சிலிண்டர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். ஐப்பசி மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இனி செய்பவர்கள் மழைக்கு முன்பே சிலிண்டர் வாங்கி வையுங்கள்.

தைமிடின் வளைவு கீழே இறங்கியது, யூரிடினும் அப்படியே. அடினோசின் சேர்த்த வளைவு, சேர்க்காத வளைவின் மேல் அப்படியே படிந்தது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. ஒன்றும் நடக்காததைப் பார்ப்பதில் இத்தனை சந்தோஷமா என்று தோழிகள் கேலி செய்தார்கள்.

குவானோசின்தான் படுத்தியது. தண்ணீரில் லேசில் கரையாது, குளிரில் இன்னும் மோசம். செறிவைக் குறைத்துத்தான் ஓட்ட முடிந்தது. நகர்வு பெயருக்கு இருந்தது. வைவாவில் அதைப் பிடித்துக்கொண்டு, குவானோசினில் உள்ள குவானினையும் பிடிக்கவைக்க முடியுமா என்று கேட்டார்கள். சைக்ளன் வளையத்தில் அக்ரிடின் என்ற தட்டையான மூலக்கூறைத் தொங்கவிட்டால் அது குவானினின் தட்டையான வளையத்தின் மேல் அடுக்காகப் படியும், அந்த ஒட்டுதல் அமினோ குழுவின் முட்டலை ஈடுகட்டும் என்றேன். ‘செய்து பார்த்தீர்களா?’ ‘அதைத் தயாரிக்கும் வசதி இங்கே இல்லை சார்.’ சரி என்று அடுத்த கேள்விக்குப் போனார்.