பை தோளில் ஏறிய பிறகு

"உங்களுக்குத் தெரியாததா தங்கச்சி? நீங்களே பார்த்து முடிவெடுங்கள்."

நான் சொன்னது இவ்வளவுதான். அப்போதே பை என் தோளில் ஏறியிருந்தது. கொழும்புக் கோட்டையில் அந்த ரயிலை விட்டால், அடுத்ததில் வெள்ளவத்தை வரை மிதிபலகையில் தொங்க வேண்டும்.

கந்தோரில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவள் அவள். கையில் எல்.ஈ.டி. விளக்குகளின் இன்வொய்ஸும் படங்களும் இருந்தன. சுங்கப் பிரகடனத்தில் போட வேண்டியது, சரக்குகளை வகைப்படுத்தும் குறியீட்டுப் பட்டியலின் 85ஆம் அத்தியாயமா, 94ஆம் அத்தியாயமா என்று கேட்க வந்திருந்தாள். பல்பு மட்டும் வந்தால் 8539. கூரையில் பொருத்தும் கூட்டோடு முழு விளக்காக வந்தால் 9405. படத்தைக் கண்டால் அரை நிமிட வேலை. ஒரு படத்தை விரலால் தொட்டுக்கூடக் காட்டினாள். நான் குனியவில்லை.

வந்தது முழு விளக்கு; அவள் 8539 என்று போட்டுவிட்டாள். சுங்கத்தில் பரிசோதனைக்கு எடுத்தார்கள். கொள்கலன் துறைமுகத்தில் கிடக்க, டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறியது. வாடிக்கையாளர் என்னிடம் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் எங்களைத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். போல் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969இல் முன்வைத்த கருத்தை விளக்கினார்கள்: புதியவருக்குச் சொல்லிக்கொடு, தேறத் தேறக் கலந்து பேசு, தேர்ந்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகி நில். காற்புள்ளியைக்கூடத் திருத்துகிற ஆள் என்று கந்தோரில் பெயர் வாங்கியவன் நான், திருந்த ஆசைப்பட்டேன். அவளோ ஒன்றரை வருடம் துணிக் கொள்கலன்களைப் பிழையில்லாமல் பார்த்தவள். பின்னல் துணி 60, பருத்தி நெசவு 52 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பிறகு பயிற்சித் தாளைத் தேடி எடுத்தேன். தேர்ச்சியை ஆளை வைத்து அளக்காதே, ஒவ்வொரு வேலைக்கும் தனியாக அள என்று அதில் இருந்தது. துணியில் கைதேர்ந்தவள் விளக்கில் முதலாம் வகுப்பு. அந்த வரியின் கீழ் நானே கோடும் போட்டிருக்கிறேன்.

ஆனாலும் பயிற்சித் தாளோடு பழி தீரவில்லை. அன்று ரயில் அரை மணி தாமதமென்று தெரிந்திருந்தால் குனிந்திருப்பேன்.

அப்படிச் சொல்வதும் எனக்கு நான் செய்யும் அநியாயமோ என்னவோ. என்னை முதன்முதலாகத் தனியே விட்ட பழைய முகாமையாளர் கதிரையை விட்டு அசையாமல் "போட்டுப் பாரும்" என்றுதான் சொன்னார். நானும் பிழைவிட்டேன், ஏச்சு வாங்கினேன், தொழில் பழகினேன். அவர் என்னை நம்பினாரா, அல்லது எழும்பப் பஞ்சிப்பட்டாரா என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை அவளிடம், பிழை என்னுடையதும்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு: "இனி எல்லாவற்றையும் எனக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள்." துணியையும் சேர்த்துத்தான்.

"சரி சேர்" என்றாள்.

இப்போது 52ஆம் அத்தியாயத்தைக்கூட அச்சடித்து மேசையில் வைக்கிறாள். நான் படிக்காமலே கையெழுத்திடுகிறேன்; படிக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

போன கிழமை கண்ணாடிப் பாத்திரங்கள் வந்தன. அவளுக்குப் புதிய சரக்கு. ஐந்து மணி கடந்தும் பையை மேசைக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் படங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசை அண்ணாவிடம் போனாள்.