திசுப் படத்தில் இரண்டு செல்கள் தொட்டுக்கொண்டிருந்தால்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புற்றுக்கட்டியின் திசுப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதிலுள்ள நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களும் பி செல்களும் ஒன்றையொன்று நாடி நிற்கின்றன என்று நான் எழுதிய நிரல் உறுதியாகச் சொன்னது. தற்செயலாக அப்படி அமைய வழியே இல்லை என்று தோன்றும் அளவுக்கு எண் வலுவாக இருந்தது. ஆய்வுக்குழுக் கூட்டத்தில் அதை மகிழ்ச்சியோடு எடுத்துவைத்தேன். இரண்டு வாரங்களில் நானே அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. நிரலில் பிழை எதுவும் இல்லை. எதனோடு ஒப்பிட்டு 'நாடி நிற்கின்றன' என்று சொன்னேனோ, அந்த ஒப்பீடுதான் தவறு. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பதையும், திசுப் படங்களிலிருந்து செல்களின் உறவைக் கணிக்க முயலும் எவருக்கும் அது எங்கெல்லாம் காத்திருக்கிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில், படம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கலாம். நோயாளியிடமிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள சீவல்களாக வெட்டிக் கண்ணாடி வில்லையில் ஒட்டுகிறார்கள். ஹெமட்டாக்சிலின் சாயம் உட்கருவுக்கு நீலங்கலந்த ஊதா நிறத்தையும், இயோசின் மற்ற பகுதிகளுக்கு இளஞ்சிவப்பையும் தருகின்றன. 40 மடங்கு உருப்பெருக்கத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ கால் மைக்ரான். ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் திசுவுக்கு 60,000 பெருக்கல் 60,000, அதாவது 360 கோடி பிக்சல்கள். இவ்வளவு இருந்தும், இந்தச் சாயத்தில் டி செல்லையும் பி செல்லையும் பிரித்தறிய முடியாது. இரண்டுமே சிறிய, உருண்டையான, அடர்ந்த உட்கரு கொண்டவை. ஆகவே ஒவ்வொரு செல் வகைக்கும் உரிய புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது: டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி20 என்பதுபோல. 2014இல் வெளிவந்த இமேஜிங் மாஸ் சைட்டோமெட்ரி முறையில் எதிர்ப்பொருள்களோடு உலோக அணுக்களை இணைத்து, லேசரால் திசுவை மைக்ரான் மைக்ரானாக ஆவியாக்கி அளக்கிறார்கள். ஒளிரும் சாயங்களைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி இறக்கிப் படமெடுக்கும் முறைகளும் உண்டு. ஒரே சீவலில் 40 புரதங்களைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

அடுத்த படி, ஒவ்வொரு செல்லுக்கும் எல்லை வரைவது. 2015இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட யூ-நெட், 2018இல் வந்த ஸ்டார்டிஸ்ட், அதன்பின் வந்த செல்போஸ் ஆகிய கணினி நிரல்கள் உட்கருவைக் கண்டறிவதில் மிகத் தேர்ந்தவை. சிக்கல் உட்கருவுக்கு வெளியே தொடங்குகிறது. செல் சவ்வு தெளிவாகத் தெரியாதபோது, உட்கருவின் விளிம்பைச் சில பிக்சல்கள் வெளியே விரித்து, அதையே செல்லின் எல்லை என்று கொள்வது வழக்கம்.

இதன் விலையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஏழரை மைக்ரான் விட்டமுள்ள ஒரு நிணநீர்ச் செல்லை (டி செல்லும் பி செல்லும் இந்த இனத்தவை), பிக்சலுக்கு அரை மைக்ரான் என்ற அளவில் படமெடுத்தால் அதன் ஆரம் ஏழரைப் பிக்சல். எல்லையை ஒரே ஒரு பிக்சல் வெளியே தள்ளி வரைந்துவிட்டால், நாம் 'செல்' என்று அளக்கும் பரப்பில் 22 விழுக்காடு அந்தச் செல்லுடையது அன்று. திசு நெருக்கமாக இருக்கும் இடத்தில் அந்தப் பரப்பு அண்டைச் செல்லுடையது. சிடி3உம் சிடி20உம் செல்லின் உள்ளே இல்லாமல் சவ்வில் இருப்பவை என்பதால், அண்டைச் செல்லின் ஒளி முழுவதும் குவிந்திருப்பது சரியாக அந்த விளிம்பில்தான். விளைவாக, டி செல்லும் பி செல்லும் ஒருங்கே ஆன விசித்திரச் செல்கள் அட்டவணையில் நூற்றுக்கணக்கில் தோன்றுகின்றன. அவற்றைப் புதிய செல் வகையாக எண்ணி உற்சாகமடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லைப் பிக்சல்களின் ஒளியை அண்டைச் செல்லின் கணக்குக்குத் திருப்பித் தரும் திருத்த முறைகள் இருக்கின்றன. அவை உதவுகின்றன, ஆனால் முழுமையாக அல்ல. என்னை உறுத்துவது வேறொன்று: செல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இந்தப் பிழை மிகுதி, நாம் உறவைத் தேடிப் போவதும் அதே இடத்திற்குத்தான்.

எல்லைகள் கிடைத்தபின் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகவும் ஒரு பெயராகவும் சுருங்கிவிடுகிறது. யார் யாருக்கு அண்டை என்பதை மையங்களுக்கு இடையிலான தூரத்தால் வரையறுக்கலாம். மிக அருகிலுள்ள ஐந்து அல்லது பத்துச் செல்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது அருகருகே உள்ள புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கும் டெலோனே வலையைப் பின்னலாம். மூன்றாவதை நான் விரும்புகிறேன், ஆனால் திசுவின் கிழிசல்களையும் வெற்றிடங்களையும் தாண்டி நூறு மைக்ரான் தொலைவிலுள்ள செல்களைக்கூட அது அண்டையாக்கிவிடும் என்பதால், நீண்ட கோடுகளை வெட்டிவிட வேண்டும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். டி செல்லுக்கும் பி செல்லுக்கும் இடையில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று எண்ணியபின், அது அதிகமா குறைவா என்று அறிய வேண்டும். அதற்குப் பரவலாகக் கையாளப்படும் வழி, புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆயிரம் முறை குலுக்கி, ஒவ்வொரு முறையும் இணைப்புகளை எண்ணிப் பார்ப்பது. ஒரு படத்தில் 9,000 செல்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 6,000 புற்றுநோய்ச் செல்கள், திட்டுத்திட்டாகக் குவிந்திருக்கின்றன. மீதி 3,000 திட்டுகளுக்கு இடையிலுள்ள இணைப்புத் திசுவில் இருக்கின்றன. அதில் 600 டி செல்கள், 300 பி செல்கள். திசு முழுவதும் பெயர்களைக் குலுக்கினால், ஒரு டி செல்லின் அண்டை பி செல்லாக இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ முப்பதில் ஒன்று. ஆனால் உண்மையில் இரண்டுமே இணைப்புத் திசுவுக்குள் அடைபட்டவை. அங்கே அவை ஒன்றையொன்று சிறிதும் பொருட்படுத்தாமல் சிதறிக் கிடந்தாலும் அந்த வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆக, எந்த ஈர்ப்பும் இல்லாமலேயே நிரல் 'மூன்று மடங்கு' என்று சொல்லும். ஆயிரம் குலுக்கல்களில் ஒன்றுகூட அந்த எண்ணை எட்டாது. நான் கூட்டத்தில் காட்டியது ஏறத்தாழ இதைத்தான். ஒரே அறைக்குள் இருப்பவர்களை நண்பர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

குலுக்கலைப் பகுதிக்குள் மட்டும் நிகழ்த்தியதும், அதாவது இணைப்புத் திசுவிலுள்ள பெயர்களை அதற்குள்ளேயே மாற்றியதும், அந்த ஈர்ப்பின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எஞ்சிய சிறு பகுதி இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருந்தது. அங்கே பி செல்கள் நடுவில் திரண்டு, டி செல்கள் அவற்றைச் சூழ்ந்திருந்தன. கட்டிகளுக்குள் சில வேளைகளில் உருவாகும், நிணநீர்க் கணுவைப் போன்ற அமைப்புகள் அவை. உண்மையான சேதி அதுதான், என் பெரிய எண் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

செல்களின் இருப்பிடத்திற்குப் பொருள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெரோம் கலோனின் குழு 2006இல், பெருங்குடல் புற்றுக்கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள டி செல்களின் அடர்த்தி நோயின் போக்கை முன்கூட்டிக் காட்டுகிறது என்று வெளியிட்டது. 2018இல் பல நாடுகளைச் சேர்ந்த 2,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அது மீண்டும் உறுதிப்பட்டது. ஆனால் அந்த ஆய்வு எண்ணியது, எந்தப் பகுதியில் எத்தனை செல்கள் என்பதை மட்டுமே. அந்த அடக்கத்தில்தான் அதன் வலிமை இருக்கிறது என்று கருதுகிறேன்.

'உறவாடல்' என்ற சொல்லுக்குக் காலமும் தேவை. உயிருள்ள நிணநீர்க் கணுவில் டி செல் நிமிடத்திற்குச் சுமார் 10 மைக்ரான் நகர்கிறது, அதாவது தன் உடலளவைவிடச் சற்றே கூடுதல். ஃபார்மலின் உறையவைத்த கணத்தில் அது புற்றுநோய்ச் செல்லைப் பற்றிக்கொண்டிருந்ததா, கடந்துபோய்க்கொண்டிருந்ததா என்பதை இரண்டு மையங்களுக்கு இடையிலான தூரம் சொல்லாது. டி செல் தன் இலக்கைக் கொல்லப் பயன்படுத்தும் கிரான்சைம் பி என்ற நொதியின் துகள்கள் தொடும் பக்கமாகத் திரண்டிருப்பது போன்ற சான்று கிடைத்தால், நான் கூடுதல் துணிவோடு பேசுவேன். 40 நானோமீட்டருக்குள் இரண்டு புரதங்கள் நெருங்கினால் மட்டுமே ஒளிரும் சோதனையும் இருக்கிறது. ஒன்றோடொன்று பிணைந்து டி செல்லின் தாக்குதலை அடக்கும் பிடி-1, பிடி-எல்1 போன்ற புரத இணைகளுக்கு, செல்களின் அண்மையைக் காட்டிலும் அதுவே பொருத்தமான சான்று.

இப்போது எந்த எண்ணையும் வெளியே சொல்வதற்கு முன், அந்த எண்ணை உண்டாக்கிய செல் இணைகளில் ஐம்பதைத் தற்போக்காகத் தேர்ந்து, மூலப் படத்தின்மேல் வரைந்து, ஒரு நோயியல் மருத்துவரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஒருமுறை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரிசையாக நின்ற ஏழெட்டு டி செல்களைச் சுட்டி, "இவை இரத்தக்குழாய்க்குள் இருக்கின்றன, திசுவுக்குள் இன்னும் நுழையவே இல்லை" என்றார். உருப்பெருக்கத்தைக் கூட்டியபோது, அவற்றுக்கும் பக்கத்துப் புற்றுநோய்ச் செல்களுக்கும் நடுவே மெல்லிய சுவரின் தட்டையான உட்கருக்கள் தெரிந்தன. மையங்களுக்கு இடையிலான தூரம் 12 மைக்ரான்தான். அன்றுமுதல் குழாய்ச் சுவரைக் காட்டும் சிடி31ஐயும் சாயப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, அந்தச் சுவரைக் குறுக்கே வெட்டும் இணைப்புக் கோடுகளை எண்ணுவதற்கு முன்பே நீக்கிவிடுகிறேன்.