குஸ்தாவ் இடத்தில் இன்னொருத்தன்

ஒரு வீடியோ கேமில் வருகிற வெர்சோவை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. அந்த நேரத்துக்கு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. வந்தான், குழுவில் இருந்த மாயெலைக் காப்பாற்றினான், முகாமில் தீ பக்கத்தில் உட்கார்ந்து மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் அடுத்த சண்டை தொடங்கியதும் குஸ்தாவ் நிற்க வேண்டிய இடத்தில் இவன் நின்றான், அதுவும் குஸ்தாவின் வாளைக் கையில் வைத்துக்கொண்டு. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சரி, எச்சரிக்கை. ஆட்டத்தின் பெயர் "கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33", அதை இன்னும் விளையாடாதவர்கள், விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் இதோடு நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கப் போங்கள். முதல் அங்கத்தின் முடிவைப் போட்டு உடைக்காமல் இதை எழுத முடியாது. கூடவே ஃபைனல் ஃபேன்டஸி 7 என்ற பழைய ஆட்டத்தின் முதல் டிஸ்க் முடிவையும் உடைப்பேன். அது 1997இல் வந்தது, அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க முடியாது.

எக்ஸ்பெடிஷன் 33 2025 ஏப்ரலில் வந்தது, பிரான்சில் மோன்பெல்லியே ஊரில் இருக்கும் ஒரு சின்னக் குழுவின் முதல் ஆட்டம். கதை இதுதான்: வருஷத்துக்கு ஒரு முறை ஓவியக்காரி ஒருத்தி விழித்து ஒரு எண்ணை எழுதுவாள், அந்த வயசைத் தொட்டவர்கள் எல்லாம் பூவிதழாக உதிர்ந்து காற்றில் போய்விடுவார்கள், எண் வருஷா வருஷம் ஒன்று குறையும். ஆட்டம் தொடங்கும்போது 33. குஸ்தாவ் நேசித்தவள் அவன் கையைப் பிடித்தபடியே உதிர்ந்து போகிறாள், மறுநாள் அவன் படகேறுகிறான், அவனுக்கும் மிச்சம் இருப்பது ஒரே வருஷம். அதாவது இவன் சாகப்போகிறவன் என்று முதல் மணி நேரத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லியும், கடலோரப் பாறைகளில் ஒரு பெரிய சண்டையை ஜெயித்து மூச்சு விடும் நேரத்தில் வெள்ளைத் தலைக்காரன் ஒருவன் வந்து குஸ்தாவைக் கொன்றபோது, இல்லை இல்லை, எழுந்துவிடுவான், இவன்தானே கதாநாயகன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தக் காட்சியில் எனக்கு அழுகை வரவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

குஸ்தாவுக்கு ஒரு கை இயந்திரக் கை. அடிக்க அடிக்க அதில் சார்ஜ் ஏறும், பத்து நிறைந்ததும் மொத்தமாக இறக்கினால் எதிரி ஆட்டம் காணும். இந்தக் கணக்கு விரலில் ஏறிவிட்டது. எப்போது சேர்க்கணும், எப்போது இறக்கணும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வெர்சோவுக்கு வேறு கணக்கு, அவன் அடித்தால் தரம் ஏறும், அடி வாங்கினால் இறங்கிவிடும். குஸ்தாவ் எந்த லெவலில் இருந்தானோ அதே லெவலில் இவன் வருவான், அவன் ஆயுதங்களையும் எடுத்துக்கொள்வான், ஆகவே குழுவின் பலத்தில் ஒரு குறையும் இல்லை, ஆட்டம் தயாரித்தவர்கள் நமக்கு நஷ்டம் வராமல் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒழுங்குதான் எரிச்சலாக இருந்தது. சண்டையில் என் கட்டைவிரல் பழைய பொத்தானுக்குப் போய், அங்கே வேறு ஏதோ இருக்க, சே என்று சொன்ன அந்த இடத்தில்தான் அவன் செத்தது எனக்கு உறைத்தது. காட்சி முடிந்து கால் மணி நேரம் கழித்து.

இதே மாதிரி ஒரு தடவை சின்ன வயசிலும் நடந்திருக்கிறது.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். மாமா வண்டிப்பெரியாற்றுக்காரர், துபாயில் டிரைவர், ஒரு ஓணத்துக்கு லீவில் வந்தபோது பிளேஸ்டேஷனும் கொஞ்சம் டிஸ்க்குகளும் கொண்டுவந்தார். அவர் மகன் அதில் கார் ஓட்டுவதைத் தவிர வேறெதையும் தொடவில்லை, ஃபைனல் ஃபேன்டஸி 7இன் மூன்று டிஸ்க்கும் உறை பிரிக்காமல் கிடந்தன. பெட்டியோடு குமுளி வழியாக அது எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தது, இரவல் என்று பெயர், கடைசிவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மா அப்போது ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன்னே தெருமுனைக்கு ஜீப் வரும், கம்பம் மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் போய் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து நான் விளையாடுவதைப் பார்ப்பாள். அந்த ஆட்டத்தில் குரல் கிடையாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, நான்தான் பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்துக்கொண்டு கதை சொல்வேன், புரியாத இடத்தில் சொந்தமாகச் சேர்த்துவிடுவேன். ஏரித் என்ற பெண் முதலில் கூடையோடு வந்து கதாநாயகன் கிளவுடிடம் பூ விற்பாள் இல்லையா, அதனால் அம்மாவுக்கு அவள் கடைசிவரை "பூக்காரப் பொண்ணு"தான். மற்றவர்களையெல்லாம் "மஞ்ச முடிக்காரன்", "துப்பாக்கிக் கைக்காரன்" என்பாள். பூக்காரப் பொண்ணு குழுவில் இல்லாமல் நான் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போனால், அவ எங்கடா என்று கேட்பாள்.

ஏரித்தின் பெற்றவள் ஒரு ரயில் நிலையத்தில் செத்துக் கிடக்க, எல்மைரா என்ற பெண் குழந்தையைத் தூக்கி வந்து வளர்க்கிறாள். எல்மைராவின் புருஷன் போருக்குப் போயிருக்கிறான். ஒரு நாள் அந்தக் குழந்தை, உங்களுக்குப் பிரியமானவர் இப்போது இறந்துவிட்டார் என்று சொல்கிறது. பிறகுதான் சேதி வருகிறது. இந்த இடத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை, உள்ளபடிதான் சொன்னேன். அம்மா அன்றைக்கு அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். எனக்கு அப்பா முகம் ஞாபகமில்லாத வயசிலேயே அவர் போய்விட்டார், அதனால் எனக்கு அது வெறும் கதை.

அப்புறம் முதல் டிஸ்க்கின் கடைசி. பாழடைந்த பழைய நகரம், நீர் சூழ்ந்த மேடையில் அவள் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கிறாள், மேலேயிருந்து வில்லன் செஃபிரோத் வாளோடு இறங்குகிறான். அவள் தலையிலிருந்து வெள்ளை மட்டீரியா என்கிற மந்திரக் கல் கழன்று படி படியாகக் குதித்துத் தண்ணீரில் விழுகிறது. உடனே ஒரு பெரிய சண்டை வரும், வழக்கமாக அந்த மாதிரி சண்டைக்கு ஒரு அதிரடி இசை போடுவார்கள், இங்கே இசையமைப்பாளர் நொபுவோ உவேமாட்சு அவளுக்கென்று போட்ட மெட்டே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், நாம் அழுதுகொண்டே பொத்தானை அமுக்கவேண்டும். "அடிச்சுக்கிறதுக்கு எதுக்குடா இந்தப் பாட்டு" என்றாள் அம்மா. கிளவுட் அவளைத் தூக்கிப்போய்த் தண்ணீரில் விட்டதும் டிஸ்க்கை மாற்றச் சொல்லி எழுத்து வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவ ஆத்தாகிட்ட யாருடா போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த மரணத்தைப் பற்றி ஊருலகத்தில் எவ்வளவோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன், இவ்வளவு சரியான கேள்வியை வேறு யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

எனக்கு வலித்தது இரண்டாவது டிஸ்க்கில்தான். ஏரித்தான் என் குழுவின் வைத்தியம். அவள் போட்டிருந்த மட்டீரியா எல்லாம் சத்தமில்லாமல் என் பைக்கே திரும்பி வந்துவிட்டது, அவளை மட்டும் காணோம். பனிமலை ஏறும்போது எல்லாரும் சாகக் கிடக்கிறார்கள், மெனுவைத் திறந்து அவள் பெயரைத் தேடுகிறேன். அதைவிடக் கொடுமை, அவளுடைய கடைசி வித்தையான கிரேட் காஸ்பலுக்காக நான் பட்ட பாடு. ஜூனான் என்ற ஊர்ப் பக்கம் குகையில் தூங்கும் ஒரு கிழவனிடம் மித்ரில் என்ற பொருளை வாங்கி, அதை ஓர் ஆயுத வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கவேண்டும். வாங்கினேன். அதைக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு அவளைக் கொண்டுவரச் சண்டைமேல் சண்டை போட்டேன். செத்துப்போகிறவளுக்கு ஏன் இப்படி ஒரு வித்தையை வைத்தார்கள் என்று அப்போது கோபம் வந்தது. இப்போது, அதை வைத்தவன் கெட்டிக்காரன் என்று தோன்றுகிறது.

ஃபீனிக்ஸ் டவுன் என்று ஒரு பொருள் இருக்கிறதே, சண்டையில் விழுந்தவனை எழுப்பிவிடுமே, அதை ஏரித்துக்கு ஏன் போடவில்லை என்று இன்னமும் கேட்கிறார்கள். சண்டையில் விழுவது மயக்கம், இது சாவு, அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு 1992இலேயே ஃபைனல் ஃபேன்டஸி 5 பதில் சொல்லிவிட்டது. அதில் குழுவில் ஒருவனான காலஃப் விழுந்து கிடக்கும்போது கூட இருப்பவர்கள் பையில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள், எதுவும் வேலை செய்யாது. பிறகு காலஃப் கற்ற எல்லாமும் அவன் பேத்திக்கு வந்துவிடும். பேத்தி என்பதால் மனசு ஒப்புக்கொள்ளும். வெர்சோ யார், வழிப்போக்கன்.

ஃபைனல் ஃபேன்டஸி 7இன் இயக்குநர் யோஷினோரி கிடாசே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார், படங்களில் வருகிற மாதிரி தியாகம் செய்து யாரும் சாவதில்லை, சாவு திடீரென்று வருகிறது, மிஞ்சுவது ஒரு பெரிய வெறுமை, முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்போமே என்ற எண்ணம் என்கிற பொருளில். வெறுமை என்று அவர் சொல்வது சரி. அந்த வெறுமை கண்ணுக்குத் தெரிகிற இடம் எது என்றால், நான் மெனு என்பேன்.

அம்மாவுடைய ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் கீழத்தெருப் பெரியம்மா. ஜன்னல் ஓரம் பெரியம்மா, அடுத்து அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் தூக்குவாளிகள். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் சமயத்தில் அந்தப் பெரியம்மா நெஞ்சுவலி வந்து ஒரே ராத்திரியில் போய்விட்டார். சாவு வீட்டில் அம்மா எல்லாரையும் போலத்தான் அழுதாள், காரியம் பார்த்தாள், சோறு பரிமாறினாள். காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் கங்காணி கூடலூர்க்காரப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார். எடுப்புக் காலம், ஆள் குறைந்தால் தோட்டத்துக்காரர் கேட்பார், அவர் என்ன செய்வார். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து வாளியை விட்டெறிந்த வேகத்தில் மூடி வாசல்வரை உருண்டது. "வந்தா, அவ பாட்டுக்கு உக்காந்துட்டா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்பதே தெரியாது. அந்த ஏலக்காய் எடுப்பு முழுக்க அம்மா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எப்போது சரியானார்கள் என்று தெரியாது, வீரபாண்டித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போய்வந்ததுதான் எனக்குத் தெரியும்.

அதனால்தான் நாமே ஆளைத் தேர்ந்தெடுக்கும் சாவுகள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தில் விர்மைர் கிரகத்தில் கூட வருகிறவர்களில் ஆஷ்லியா கெய்டனா, ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். நல்ல காட்சிதான், கை நடுங்கும், ஆனால் அது குற்ற உணர்ச்சி, துக்கம் வேறு. ஃபயர் எம்ப்ளம் ஆட்டங்களில் சண்டையில் செத்தவன் செத்தவன்தான், திரும்ப மாட்டான், அது அந்த வரிசையின் பழைய சட்டம். ஆனால் விளையாடுகிறவர்களில் பாதிப்பேர் உடனே ரீசெட் பொத்தானை அமுக்கிவிடுவார்கள், அந்தச் சட்டத்துக்கு என்ன மதிப்பு? ஏரித்துக்கு ரீசெட் கிடையாது. பிளேஸ்டேஷன் மெமரி கார்டில் 15 கட்டம், அதில் ஒன்றில் அவள் உயிரோடு இருக்கிற சேவ் ஒன்றை நான் அழிக்காமல் வைத்திருந்தேன், போய் அவளோடு சும்மா சுற்றிவிட்டு அணைத்துவிடுவேன். கதையில் ஓரடி முன்னே வைத்தால் அந்த நகரம்தான். வேறு வழி வைக்கவில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ மறுபடி எடுத்து 2024இல் வந்த ரீபர்த்தில் அந்தக் காட்சியை மழுப்பிவிட்டார்கள் என்பது என் கருத்து. கிளவுட் வாளைத் தட்டிவிடுகிறான், தட்டியும் செத்தாளா இல்லையா, அவன் கண்ணுக்கு அவள் தெரிகிறாள், மற்றவர்கள் உட்கார்ந்து அழுகிறார்கள். படம் என்னவோ கண்ணைப் பறிக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த பாகத்தில் விளக்குவார்களாம்.

வெர்சோவுக்கு வருகிறேன். ஒரு வாரம் அவனுக்கு வித்தை வாங்க ஒரு புள்ளிகூடச் செலவு செய்யாமல் குழுவில் இருந்த லூனையும் சியெலையும் வைத்தே ஓட்டினேன், மூன்றாவது இடத்தில் மாயெல். ஒரு கட்டத்தில் அது தாங்கவில்லை, எதிரிகள் நசுக்கினார்கள், வேறு வழியில்லாமல் அவனை இறக்கினேன். அடி வாங்காமல் தட்டிவிடக் கற்றுக்கொண்ட பிறகு அவன் தரம் உச்சத்துக்கு ஏறுகிற வேகம், அடேயப்பா. குஸ்தாவைவிட நல்ல ஆட்டக்காரன், எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

வண்டிப்பெரியாற்று மச்சான், அதே கார் ஓட்டிதான், வயசான காலத்தில் என் பேச்சைக் கேட்டு இந்த ஆட்டத்தை வாங்கிவிட்டான். இப்போது முதல் அங்கத்தில் இருக்கிறான். நேற்று ராத்திரி போன் பண்ணி, குஸ்தாவுக்கு இருக்கிற எல்லாப் புள்ளியையும் போட்டுவிட்டேன், மற்ற இரண்டு பேரும் சும்மா பின்னால் வருகிறார்கள், அடுத்து எந்த வித்தை வாங்கலாம் என்று கேட்டான். அந்தக் கையில் ஏறும் ஓவர்சார்ஜை வைத்துத்தான் எல்லாம், அதற்குப் பொருத்தமானதாகப் பார்த்து வாங்கு, நன்றாக ஏற்று என்று சொல்லி வைத்துவிட்டேன்.