நாலரை நூல் ஸ்பேனர்

அமெரிக்கா வந்து இரண்டு வருடம் வரைக்கும் என்னை யாருமே திட்டவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு குறையாகவே இருந்தது. ஆபீஸில் தப்பான ஃபைலை அனுப்பினால்கூட "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்பார்கள். கடையில் 25 சென்ட் குவார்ட்டருக்கும் 10 சென்ட் டைமுக்கும் வித்தியாசம் தெரியாமல் சில்லறையை உள்ளங்கையில் வைத்து முழித்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர் சிரித்தபடி காத்திருப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைத்தானே இப்படி நடத்துவோம்? என்னை முதன்முதலில் வாய் நிறையத் திட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அரை இஞ்ச் போல்ட்டில் 13 நம்பர் சாக்கெட்டை மாட்டி, பலமாக அழுத்தி, அதன் மண்டையை மழுக்கிவிட்டேன். அதற்குத்தான் அந்தத் திட்டு. ஐந்து நிமிடம் நிறுத்தவில்லை மனுஷன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது "அப்புறம் ஏன் சிரிச்சுட்டே சொல்றீங்க?" என்றாள்.

நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு புறநகர். காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு எழுதும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை, இந்தப் பக்கம் வந்த நம் ஆட்களில் பலருக்கும் இதே போன்ற வேலைதான். அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். "நீ படி, கையில கிரீஸ் படற வேலை உனக்கு வேண்டாம்" என்று என்னைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. அவர் ஆசைப்பட்டபடியே ஆயிற்று. மோட்டார் நகரத்துக்கே வந்து, கார் கம்பெனிக்கே வேலை செய்து, இரண்டு வருடத்தில் ஒரு நட்டைக்கூட நான் தொட்டதில்லை.

பெரியவர் முப்பது வருடம் அசெம்பிளி லைனில் நின்று ஓய்வு பெற்றவர். கராஜில் ஷெவர்லே கம்பெனியின் 1970 ஷெவெல் மாலிபு கார் ஒன்று வைத்திருக்கிறார். என் மகளுக்கு அவர் "கார் தாத்தா". ஷெவெல் என்றதும் கார்ப் பைத்தியங்களுக்கு நினைவு வருவது அதே வருடத்து முரட்டு மாடலான எஸ்எஸ் 454, அதிலும் 450 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின். இவருடையது அது இல்லை. உடம்பு அதேதான், உள்ளே இருந்தது 307 கன அங்குல இன்ஜின், இரண்டு வாய் கார்பரேட்டர், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். ஜல்லிக்கட்டுக் காளையின் தோலைப் போர்த்திய உழவு மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொன்ன கணக்கு 200 குதிரைத்திறன், அதுவும் அந்தக் காலத்து வழக்கப்படி சைலன்சர் முதலான பாரங்களைக் கழற்றிவைத்து அளந்த கணக்கு. ஹைவேயில் எழுபது மைலுக்குப் போனால் இன்ஜின் கிட்டத்தட்ட 2,800 சுற்றில் அலறும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. குளிர் நாளில் ஸ்டார்ட் ஆவதற்குள் நமக்கு வேர்த்துவிடும்.

ஒரு நாள் நடைபாதைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன், அவரே கூப்பிட்டுக் கேட்டார்: "நீ கார் கம்ப்யூட்டர் ஆள்தானே, வயர் தெரியுமா?" தெரியும் என்றேன். அவ்வளவுதான், அடுத்த பதினெட்டு மாதச் சனிக்கிழமைகள் போயிற்று.

அவர் மனதில் இருந்தது எல்எஸ் மாற்றம், அதாவது பழைய இன்ஜினை எடுத்துவிட்டு எல்எஸ் என்கிற புது வகை இன்ஜினை மாட்டுவது. 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இன்ஜினின் குடும்பம் அது. அதே வகையில் இரும்பு பிளாக்கோடு 5.3 லிட்டர் இன்ஜின் ஒன்றை 1999 முதல் பிக்கப் டிரக்குகளில் லட்சக்கணக்கில் மாட்டினார்கள், அதனால் இன்று பழைய இரும்புக் கடைக்குப் போனால் மலிவாகக் கிடைக்கிறது. பழைய ஷெவர்லே கார்களின் சேஸில் அதை உட்காரவைக்க மவுன்ட் தகடு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப் எல்லாம் தனியாகவே விற்கிறார்கள். இன்ஜின் பற்றி அவருக்குப் பயமே இல்லை. வயர்களைப் பார்த்துத்தான் ஆறு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறார்.

ஊரில் இருக்கிற நண்பனிடம் சொன்னேன், "இதென்னடா அதிசயம், நம்ம மீன்பாடி வண்டி மாதிரிதானே" என்றான். உண்மைதான். மூன்று சக்கர வண்டியில் பழைய பைக் இன்ஜினைக் கட்டி ஓட்டியவர்கள் நாம், பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இன்ஜினை இறக்கியவர்கள் நாம். ஆனால் அங்கே ஆர்சி புக்கில் இன்ஜின் நம்பர் இருக்கும், மாற்றினால் ஆர்டிஓ வாசலில் நிற்க வேண்டும். மிச்சிகனில் புகைச் சோதனையும் கிடையாது, வருடாந்தர வண்டிச் சோதனையும் கிடையாது. சொந்த வீட்டுக் கராஜில் ஒரு காரின் இதயத்தை மாற்றலாம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. இது நல்லதா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான், பனிக்காக ரோட்டில் கொட்டும் உப்பு தின்று சேஸ் செல்லரித்துப்போன வண்டிகள் ஹைவேயில் பறப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

பழைய வண்டி யார்டுக்குப் போன அனுபவத்தை மட்டும் தனியாக எழுதலாம். வாசலில் இரண்டு மூன்று டாலர் கொடுத்துவிட்டு நம் ஸ்பேனர் பையோடு உள்ளே போகலாம், வரிசை வரிசையாகச் செத்த வண்டிகள், வேண்டியதை நாமே கழற்றிக்கொள்ள வேண்டும், இன்ஜின் தூக்கச் சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் அங்கேயே இருக்கும். உறைந்த சேற்றில் மல்லாந்து படுத்து, 2002 பிக்கப் ஒன்றிலிருந்து இன்ஜினையும் நான்கு கியர் கொண்ட அதன் கியர் பாக்ஸையும் ஒன்றாக எடுத்தோம். இரண்டு சனிக்கிழமை ஆனது. வயர் கட்டை எடுக்கும் நேரம் வந்ததும் பெரியவர் கட்டிங் பிளேயரை நீட்டினார். "வெட்டாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வரிசையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கனெக்டராகக் கிளிப்பை நெம்பி, கம்ப்யூட்டரோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்தேன். அன்று நான் அவரைத் திட்டியதாகத்தான் அவர் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார்.

சரி, அந்த 13 நம்பர் கதைக்கு வருகிறேன். 1970 வண்டி முழுக்க இஞ்ச் போல்ட். 2002 இன்ஜின் முழுக்க மில்லிமீட்டர். இரண்டும் சேரும் இடத்தில் கையில் இரண்டு பெட்டி ஸ்பேனர் வேண்டும், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் துருப்பிடித்த போல்ட்டில் நான் தவறான பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, அடுத்த போல்ட்டைக் காட்டி "ஒன்பது பதினாறு எடு" என்றார், அதாவது 9/16 இஞ்ச். எனக்கு அந்தப் பின்னமெல்லாம் தலையில் ஏறாது. பிறகுதான் பொறி தட்டியது. ஊரில் கொத்தனாரும் ஆசாரியும் சொல்கிற நூல் கணக்குத்தானே இது! இஞ்சுக்கு எட்டு நூல். அரை இஞ்ச் நாலு நூல், ஒன்பது பதினாறு என்றால் நாலரை நூல். அன்றிலிருந்து எனக்குக் கை தடுமாறவில்லை. அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். "ஃபோர் அண்ட் ஹாஃப் நூல்" என்று அவர் கேட்பதும் நான் எடுத்துக் கொடுப்பதும் எங்கள் கராஜ் பாஷை ஆகிவிட்டது.

மாட்டுகிற வேலை பேப்பரில் சுலபம். டிரக் சம்ப் ஆழமானது, ஷெவெலின் முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அதனால் தட்டையான வேறு சம்ப். கீழே தொங்கும் ஏசி கம்ப்ரசர் சேஸில் முட்டியது, அதை மேலே ஏற்றினோம். புது கியர் பாக்ஸ் நீளம், அதனால் குறுக்குச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒரு பட்டறையில் வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் பார்த்தோம். பழைய கார்பரேட்டருக்கு ஆறு பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும், இதற்கு 58 வேண்டும், ஆகவே டேங்கையே மாற்றி உள்ளே எலெக்ட்ரிக் பம்ப் வைத்தோம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த 1999 கார்வெட்டின் ஃபில்டர், ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை.

வயர் வேலையை எங்கள் வீட்டு பேஸ்மென்டில் செய்தேன். டிரக்குக்கு வேண்டியது பாதி, காருக்கு வேண்டியது பாதி, எல்லாம் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தது. டேப்பை உரித்து, ஒவ்வொரு வயராக வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, வேண்டாததை உருவி எடுப்பது மகளுக்குத் தலை சிக்கெடுப்பது மாதிரிதான், அவசரப்பட்டால் அறுந்துவிடும், அவளும் கத்துவாள். மூன்று வாரம். கடைசியில் காரோடு சேர்க்க மிஞ்சியது ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய வயர்கள்தான்: பேட்டரி, சாவி, எர்த், பம்ப் ரிலே, எச்சரிக்கை விளக்கு. பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கா ஆறு வருஷம் பயந்தேன்" என்றார்.

பெருமை ஒரு வாரம்தான் நிலைத்தது. முதலில் பெட்ரோலையும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் துண்டித்துவிட்டு இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டு ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றினோம், முள் அசையவில்லை. மறுபடி சுற்றினோம், அசையவில்லை. சம்ப்பிலிருந்து ஆயில் உறிஞ்சும் குழாய் பம்பில் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்கிற ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, ஒரே போல்ட்டில் இறுகுவதால் குழாய் லேசாகச் சாய்ந்தாலும் அது நசுங்கும், நசுங்கினால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். இந்த இன்ஜினைத் தொட்ட எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை மாட்டியது நான். சம்ப்பை இறக்க வேண்டும் என்றால் இன்ஜினைத் திரும்பத் தூக்க வேண்டும். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் பதினைந்து, உள்ளே ஹீட்டர் எரிகிறது, புகை போகக் கதவை ஒரு அடி திறந்து வைத்ததில் முதுகு விறைத்தது. அன்று வாங்கிய திட்டில் பாதி வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தமே தெரியாது, அடுத்த நாள் ஆபீஸில் ஒருவரிடம் கேட்டேன், அவர் முகம் சிவந்துவிட்டது.

இரண்டாவது முறை பிரஷர் வந்தது. காயிலை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் உறுமி, ஒரு நொடியில் அணைந்தது. மறுபடி உறுமி, மறுபடி அணைந்தது. பெரியவர் முகம் வாடிவிட்டது. எனக்கோ சிரிப்பு. டிரக்கின் சாவிப் பூட்டு எங்கே என்று கம்ப்யூட்டர் தேடுகிறது, காணவில்லை, யாரோ திருடிவிட்டார்கள் என்று பெட்ரோலை நிறுத்துகிறது. லேப்டாப்பை இணைத்து அந்தத் திருட்டுத் தடுப்பை அணைத்தேன். பத்து நிமிட வேலை. மூன்றாவது முறை ஸ்டார்ட் ஆகி நிற்காமல் ஓடியது. அவர் ஒன்றும் பேசவில்லை, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

அவருக்குப் பழைய ஷெவர்லே வி8 இன்ஜினின் வெடிப்பு வரிசை, அதாவது எட்டு சிலிண்டரும் எந்த வரிசையில் வெடிக்கும் என்பது, வாய்ப்பாடு மாதிரி: 1-8-4-3-6-5-7-2. புதியது 1-8-7-2-6-5-4-3. சிலிண்டர்களுக்கு வரிசையாகத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத இன்ஜினில் அதை மனப்பாடம் செய்து ஒரு பிரயோசனமும் இல்லை, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் கராஜ் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்து ஒரு வாரம் முணுமுணுத்தார்.

அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். பிளாக்கைப் பக்கத்தில் காட்டச் சொன்னார். "வார்ப்பு சுத்தமா இருக்குதுடா" என்றார், பிறகு என் நகத்தைப் பார்த்துவிட்டார். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" பெரியவர் குறுக்கே வந்து கை காட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் லேத்தில் போன விரல் நுனியை அப்பா காட்ட, பிரஸ்ஸில் போனதை இவர் காட்ட, இருவரும் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

புது கியர் பாக்ஸின் நான்காவது கியர் 0.70, அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் முக்கால் சுற்றுகூடச் சுற்ற வேண்டாம். எழுபது மைலில் இப்போது இன்ஜின் 2,000 சுற்றுக்குக் கீழே நடை போடுகிறது, ரேடியோ கேட்கிறது. ஆகஸ்ட் வரை காத்திருந்தோம், காரணம் நம்பர் பிளேட். மிச்சிகனில் பழம்பெரும் வண்டி பிளேட் வாங்கினால் கண்காட்சி, அணிவகுப்பு என்றுதான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த மாத மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே போகும் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் தேர்த் திருவிழா, 1995 முதல் நடக்கிறது. அதற்கு முன்னால் வண்டிக்குப் பூஜை போட்டே ஆக வேண்டும் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

பூஜைக்கு உட்வர்டிலேயே வடக்கே போனோம். 1909இல் ஒரு மைல் கான்கிரீட் போட்டுப் பார்த்த ரோடு அது. 60களில் கம்பெனி இன்ஜினியர்களே ராத்திரியில் பந்தயம் விட்ட ரோடும் அதுதான், பெரியவர் தானும் ஓடியதாகச் சொல்கிறார், எந்த வண்டியை வைத்துக்கொண்டு என்று நான் கேட்கவில்லை. ரோடு முடியும் ஊர் பான்டியாக். 1964இல் ஜிடிஓ என்கிற காரைக் கொண்டுவந்து, பெரிய இன்ஜின் வைத்த மசில் கார்களின் பைத்தியத்தைக் கிளப்பிவிட்ட கம்பெனிக்குப் பெயர் கொடுத்த ஊர். அந்தக் கார்ப் பெயர் 2010இல் போய்விட்டது. இப்போது அங்கே ஒரு பராசக்தி கோயில் இருக்கிறது.

தன் அனுமதி இல்லாமல் அந்தப் பெயின்ட்டில் ஒரு விரல் வைக்க விடாதவர், அர்ச்சகர் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்தேன். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. ஓட்டை வண்டியை வாங்கி ஏமாந்தால் அமெரிக்காவில் அதை "லெமன்" என்பார்கள், அதற்கென்று இருக்கிற சட்டத்தின் பெயரே லெமன் சட்டம். "அம்பது வருஷமா இந்தக் காரை லெமன்னு சொல்லாத ஆள் இல்லை, நீ அடியிலேயே நாலு வைக்கிறியா" என்றவர் ஏறி உட்கார்ந்து, டிரைவில் போட்டு, மெதுவாக ஏற்றி நசுக்கினார். இறங்கி வந்து டயரைக் குனிந்து பார்த்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள், கோயில் வாசலில், பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவில், கையை வீசி வீசி.

அர்ச்சகர் மிரண்டு போய் என்னிடம் கேட்டார், "என்னங்க சொல்றார்?"

"ஒண்ணுமில்லைங்க சாமி. எலுமிச்சைச் சாறு குரோம் ரிம்முல பட்டுருச்சாம், துணி கொண்டுவரச் சொல்றார்."