குஞ்சுக்கு நொய் மட்டும் போதாது

போன ஐப்பசியில் மழை விடவே இல்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா வயலும் கொல்லையும் ஒரே தண்ணீராகக் கிடந்ததால், புதிதாகப் பொரித்த 11 குஞ்சுகளையும் தாய்க்கோழியோடு திண்ணை ஓரத்தில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைத்து, வீட்டில் இருந்த நொய்யையே போட்டுக்கொண்டிருந்தோம். 12ஆம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் நாலு குஞ்சு எழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து வருகின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண் தெளிவாக இருக்கிறது, இரைப்பை நிறைய நொய், ஆனால் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு கை பொத்தினாற்போல் இருந்தன. நீவி விரித்தால் விரியும், விட்டதும் மடங்கிக்கொள்ளும்.

"வெள்ளைக்கழிச்சல்டா தம்பி, மத்ததைப் பிரிச்சு வை" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அவர் பயந்தது சரிதான், அந்த நோயிலும் கால் இழுத்துக்கொள்ளும். ஆனால் அது வந்த குஞ்சு இரை எடுக்காமல் சோர்ந்து கிடக்கும், இவை ஆசையாகத் தின்றன. கால்நடை மருத்துவர் காலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: பி2 வைட்டமின், அதாவது ரிபோஃபிளேவின் குறைவு, அதனால் காலுக்குப் போகும் நரம்பு கெடுகிறது.

குஞ்சு முதல் சில நாள் மஞ்சள் கருவில் தாய் சேர்த்து வைத்ததைக் கொண்டு ஓட்டும். தாயே நொய் தின்று முட்டையிட்டிருந்தால் அந்த இருப்பும் குறைவுதான். வெயில் காலத்தில் இதெல்லாம் தெரிவதில்லை, ஏனென்றால் கோழி குப்பையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் பச்சையும் தானே தேடிக்கொள்கிறது. மழை அதை அடைத்துப்போட்டது.

தீட்டிய அரிசி கோழியை முடக்குவது புதுக்கதை இல்லை. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும் தீட்டாத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். அது பி1 குறைவு. தவிட்டோடு போய்விடும் சத்து அது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கோழிகள்தான் காரணம்.

சரி, எங்கள் குஞ்சுகளுக்கு வருவோம். மருத்துவர் சொன்ன அளவில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கைத் தண்ணீரில் கலந்து வைத்தோம். வெளிச்சம் பட்டால் ரிபோஃபிளேவின் கெட்டுவிடும், அதனால் தண்ணீர்க் கிண்ணம் நிழலில் இருக்க வேண்டும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மூன்று குஞ்சு சில நாளில் நடந்துவிட்டன. நாலாவதற்கு நரம்பு முன்பே கெட்டிருக்க வேண்டும், விரல் விரியவே இல்லை.

எனக்கு வருத்தம் என்னவென்றால், கோழி எதற்குச் சுணங்கினாலும் ஒரே டானிக்கை வாங்கி ஊற்றுகிறோம். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான், எந்த வைட்டமினும் அதைத் தடுக்காது. அதிலும் ஏ, டி இரண்டும் உடம்பில் தங்கிவிடும், அளவு மீறினால் கெடுதல். சி வைட்டமினைக் கோழியே தயாரித்துக்கொள்ளும், கடும் வெயிலில் வாடும்போது மட்டும் கொஞ்சம் கொடுத்தால் உதவும்.

இந்த வருடம் புரட்டாசியிலேயே முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். தாய்க்கோழி அடையில் உட்காரும் முன்பே அதற்கு நொய்யோடு தவிடும் கீரையும் மோரும் பிசைந்து வைக்கிறோம். தவிடு மட்டும் புதிதாக அரைத்ததாக இருக்க வேண்டும், பழசானால் எண்ணெய்ச் சிக்கு அடித்து அதிலிருக்கும் ஈ வைட்டமினும் போய்விடும்.