சிரட்டைக்கரியில் கத்தி: இந்தமுறை அரம் வழுக்கியது

நேற்றிரவு தோய்ச்சல் கொடுத்த (காய்ச்சி எண்ணெயில் இறக்கி இறுகவைத்த) கத்தி அலகில் அரத்தை இழுத்தேன். கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறல் விழவில்லை! அலகு நன்றாக இறுகிவிட்டது என்று அர்த்தம். மூன்று மாதம் இதற்காகத்தான் கிடந்து உழைத்தேன்.

இரும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய லொறி ஸ்பிரிங் பட்டை. முதல் இரண்டு அலகையும் நிலக்கரியில் காய்ச்சினேன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கே கப்பலில் வரும் சாமான், ஒரு சாக்கு தேடிப் பிடிக்கவே பெரும்பாடு. பற்றவைத்ததும் மஞ்சள் புகை, கந்தக நெடி. கொட்டாஞ்சேனையில் வீடுகள் சுவரோடு சுவர். "தம்பி, உடுப்புக் காயப்போட்டிருக்கு" என்று மேல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தா. உடனே அணைத்துவிட்டேன்.

நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தாலும் அதன் புகை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்தப் புகை உலையில் போய்த் தீர்ந்து, கட்டிகள் ஒட்டிக் கற்கரி (கோக்) ஆன பிறகே இரும்பை வைக்கலாம். கந்தகம் ஏறிய இரும்பு சூட்டில் அடிக்கும்போதே வெடிக்கும். சிரட்டைக்கரியின் புகையோ சுடும்போதே போய்விட்டது, கந்தகமும் இல்லையென்றே சொல்லலாம். சீக்கிரம் எரிந்து தீரும் என்பது ஒன்றுதான் குறை.

கரியை நீர்கொழும்புப் பக்கம் மாமாவின் தென்னங்காணியில் பரலில் சுட்டேன். எல்லாம் மூடும் நேரத்தில்தான் இருக்கிறது. முதலில் கட்டியான வெள்ளைப் புகை, பிறகு மஞ்சள், கடைசியில் மெல்லிய நீலம். நீலமும் தெளிந்து மூடிக்கு மேல் வெக்கை மட்டும் ஆடும்போது அடைக்க வேண்டும். முதல்தடவை அவசரப்பட்டு அடைத்தேன், பாதிச் சிரட்டை மண்ணிறமாகவே கிடந்தது. அடுத்ததில் மூடி விளிம்பால் காற்றுப் புகுந்து பாதி சாம்பல். மூன்றாவதில் களிமண்ணும் மணலும் குழைத்து விளிம்பெல்லாம் பூசி, மறுநாள் மாலைவரை திறக்கவில்லை. 10 கிலோ சிரட்டைக்கு 2.7 கிலோ கரி. இரண்டு துண்டைத் தட்டினால் 'கிண்' என்றது, கையிலும் அதிகம் ஒட்டவில்லை.

சூடேறும் இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது 770 பாகை செல்சியஸில். அதற்குப் பிறகும் கொஞ்சம் சூடேற்றி, சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் இறக்கினேன்.

பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் அந்தக் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றே உலையை ஊத, மரக்கரியில் இரும்பு எடுத்திருக்கிறார்கள். 1994இல் ஆய்வாளர்கள் அதேபோல உலை கட்டி ஓட்டியும் காட்டினார்கள். நான் உலை ஊதும் ஹெயார் டிரையரை விட்டுவிட்டு ஒருநாள் காற்றை மட்டும் நம்பி ஓர் உலை மூட்ட வேண்டும். அதற்கு முதல் இந்த அலகை கேக் சுடும் அவனில் (oven) 200 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து எடுக்கவேண்டும். பிடிக்குக் கித்துள் மரத்தின் வைரம் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.