இன்ச் டேப் என் கையில் இருந்தது
பிசியோதெரபி முடித்துவிட்டு மருத்துவமனை வேலை சரியாக அமையாததால் சென்னையில் ஒரு ஸ்லிம்மிங் கிளினிக்கில் சேர்ந்தேன். கொழுப்பை உறைய வைக்கும் மெஷின் என் பொறுப்பு. குச்சி ஐஸ் சப்பிய குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு கரைந்து குழி விழுந்ததைக் கவனித்ததில் இருந்துதான், பாஸ்டனில் இரண்டு மருத்துவர்களுக்கு இந்த யோசனை வந்ததாம். 2010-ல் அமெரிக்காவில் இடுப்புப் பக்கச் சதைக்கு அனுமதி கிடைத்தது. ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வயிற்றில் வைத்த மெஷினின் குளிர் கப்பை எடுத்ததும் சதை ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த வெண்ணெய் மாதிரி கட்டியாக நிற்கும், அதைத் தேய்த்துத் தளர்த்த வேண்டும். குளிரில் செத்த கொழுப்பு செல்களை உடம்பு மெல்ல மெல்ல வெளியேற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவும் அந்த இடத்துக் கொழுப்பில் கால்வாசி குறைந்தாலே பெரிய விஷயம்.

ஆனால் எங்கள் மேனேஜருக்கு அன்றைக்கே இன்ச் குறைய வேண்டும். அதனால் முதலில் அளக்கும்போது டேப்பைத் தளர்வாகப் பிடிப்போம், முடிந்ததும் மூச்சை வெளியே விடச் சொல்லி இறுக்கிப் பிடிப்போம். நானும் பிடித்திருக்கிறேன்.

தொடையில் குழிகுழியாக இருக்கிறது என்று வருபவர்களுக்கும் இதே பேக்கேஜைத்தான் விற்கச் சொன்னார்கள். அது கொழுப்பு அதிகமானதால் மட்டும் வருவதில்லை, ஒல்லியானவர்களுக்கும் உண்டு. இலவம்பஞ்சு மெத்தையில் நூல் இழுத்துத் தைத்த இடம் உள்ளே போய், சுற்றிலும் பஞ்சு புடைக்கும் இல்லையா, தோலுக்கு அடியில் உள்ள நார்கள் செய்வதும் அதேதான். குளிர வைத்தால் நார் விட்டுக்கொடுக்குமா என்ன?

ஒரு நாள் ஒரு அக்கா வந்தார், இரண்டு சிசேரியன், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. படுக்க வைத்து, தலையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் விரல் வைத்தேன். மூன்று விரல் உள்ளே போனது. தசை விலகியிருக்கிறது, கிள்ளிப் பார்த்தால் கொழுப்பு அதிகமில்லை.

“அப்ப மெஷின் வேண்டாமாம்மா?”

“வேண்டாங்க்கா. எக்சர்சைஸ் சொல்லித் தர்றேன்.”

அவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அடுத்த வாரம் என்னை ரிசப்ஷனுக்கு மாற்றினார்கள், மெஷினுக்கு வந்த புதுப் பெண்ணுக்கு டேப் பிடிக்கக் கற்றுக் கொடுக்கச் சொன்னதும் என்னிடம்தான்.